சீட்டில் இருக்கும் பெயருக்குத்தான் காசு

களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து மருந்துக் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். சீட்டு கேரளத்தில், திருவனந்தபுரத்து டாக்டர் எழுதியது. கடைக்காரர் சொல்வார்: "இந்தக் கம்பெனி இங்க வராது. இதே மருந்து வேற பேர்ல இருக்கு, தரட்டுமா?" வாங்க வந்தவர் தயங்குவார். விலை குறைவு என்று தெரிந்தால் இன்னும் தயங்குவார்.

ஒரே மருந்துக்கு எப்படி இத்தனை விலை? சர்க்கரை நோய்க்கான எம்பாகிளிஃப்ளோசினைப் பாருங்கள். கண்டுபிடித்த கம்பெனி மட்டுமே விற்கலாம் என்கிற காப்புரிமை இருந்தவரை ஒரு மாத்திரை சுமார் 60 ரூபாய். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. சில கம்பெனிகள் 10 ரூபாய்க்கும் கீழே கொண்டுவந்தன. உள்ளே இருக்கும் மருந்து அதேதான்.

மருந்தைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து நிரூபிப்பதுதான் பெருஞ்செலவு. அதை ஈடுகட்டத்தான் 20 ஆண்டுக் காப்புரிமை. அது முடிந்த பிறகு அதே மருந்தைச் செய்து விற்க வருகிற ஜெனரிக் கம்பெனி அந்தச் சோதனைகளைத் திரும்பச் செய்ய வேண்டாம். தன்னார்வலர்களுக்குப் பழைய மாத்திரையையும் புதியதையும் தனித்தனியாகக் கொடுத்து, மணிக்கணக்காக ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்று ஒப்பிட்டுக் காட்டினால் போதும். பழையதோடு ஒப்பிட்டால் புதியதன் அளவு 80 முதல் 125 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. "அப்போ 20 சதவீதம் மருந்து குறையலாமா?" என்று கேட்பார்கள். இல்லை. சராசரி மட்டுமல்ல, அது எவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று காட்டும் பிழை வரம்பு முழுவதும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் சேர்ந்த அளவில் சராசரி வித்தியாசம் 3.5 சதவீதம் அளவில்தான் இருந்தது.

ஆனால் காப்புரிமை முடிந்ததும் விலை தானாக விழுவதில்லை. போட்டிதான் அதை இறக்குகிறது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்குப்படி, ஒரே ஒரு ஜெனரிக் வந்தால் அதன் விலை மூல மருந்தைவிட 39 சதவீதம் குறைவு. நான்கு வந்தால் 79. ஆறும் அதற்கு மேலும் வந்தால் 95 சதவீதத்தையும் தாண்டுகிறது.

நம் ஊரில் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. பிறகும் ஏன் பழைய பிரஷர் மாத்திரைகூடக் கடைக்குக் கடை, பேருக்குப் பேர் வேறு விலையில் விற்கிறது? காப்புரிமை தீர்ந்த மருந்தையும் இங்கே ஒவ்வொரு கம்பெனியும் தனிப்பெயர் சூட்டித்தான் விற்கிறது. பெயரைத் தேர்ந்தெடுப்பவர் டாக்டர், காசு கொடுப்பவர் நோயாளி. டாக்டர் எழுதிய பிராண்டை மருந்தாளுநர் தானாக மாற்றிக் கொடுக்கவும் இந்திய மருந்து விதிகளில் 65-ஆம் விதி இடம் தருவதில்லை. அமெரிக்காவில் பெரும்பாலும் மாற்றலாம். அதனால் அங்கே போட்டி விலையில் நடக்கிறது, இங்கே டாக்டரின் அறை வாசலில் ரெப்புகளின், அதாவது கம்பெனிகளின் விற்பனைப் பிரதிநிதிகளின், வரிசையில் நடக்கிறது. அந்தச் செலவும் நம் பில்லில்தான் ஏறுகிறது. விளம்பரமே இல்லாத மலிவு ஜெனரிக்கிலும் ஒரு சூட்சுமம் உண்டு: அட்டையில் அதிக விலை அச்சடித்து, வித்தியாசத்தைக் கடைக்கு லாபமாக விடுகிற வழக்கம்.

அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு உச்சவிலை வைக்கிறது. அதுவும் தயாரிப்புச் செலவிலிருந்து கணக்கிடப்படுவதில்லை; சந்தையில் உள்ள பிராண்டுகளின் சராசரியோடு கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து நிர்ணயிக்கிறார்கள்.

பிராண்டு பெயரையே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாகர்கோவில் பக்கத்து ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மருந்து வரிசை போதும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருகிற தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1990களிலிருந்து மருந்தின் பெயரில் மட்டும் டெண்டர் விட்டு மொத்தமாக வாங்குகிறது. அங்கே கம்பெனி விலையைக் குறைத்தால்தான் ஆர்டர். மத்திய அரசின் மக்கள் மருந்தகம், தமிழக அரசு 2025-ல் கொண்டுவந்த முதல்வர் மருந்தகம் இரண்டும் இதே வழியைத்தான் காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்குத் திறக்கின்றன. எல்லா மருந்தும் எப்போதும் அங்கே கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்த முறை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் அதிலேயே இருக்கும். "இதையே விலை குறைந்ததாக எழுதித் தர முடியுமா டாக்டர்?" என்று கேட்டுவிடலாம். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் கொஞ்சம் பொறுமையாக இருங்கள். இவற்றில் சிறு அளவு மாற்றமும் உடம்பில் தெரியும். டாக்டரிடம் சொல்லி மாற்றி, அப்புறம் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்துக்கொண்டால், மலிவான மாத்திரையிலேயே நிம்மதியாகத் தொடரலாம்.