கிழங்கைக் கழுவிவிட்டால் போதுமா?

போன வாரம் குன்னூர்ப் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டம். இந்த ஆண்டில் இது எத்தனையாவது என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். பாத்தியின் நடுவில் மட்டும் உருளைச் செடிகள் குட்டையாக, மஞ்சளித்து, வெயிலில் துவண்டு நின்றன. "உரம் போதவில்லையோ சார்?" என்றார் அந்த அம்மா. மகன் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த பிங்கர்லிங் கிழங்காம், விரல் நீளத்தில் காய்ப்பது. ஒரு செடியைப் பிடுங்கி மெதுவாக உதறி, கைலென்ஸை நீட்டினேன். வேர்நாரில் கடுகைவிடச் சிறிய மணிகள், சில வெள்ளை, சில பொன்மஞ்சள். "அழகாக இருக்கிறதே!" என்றார்.

அத்தனையும் உருளையின் வேரை உறிஞ்சி வாழும் பெண் நூற்புழுக்கள். செத்தபின் உடல் பழுப்பாகி இறுகி, நூற்றுக்கணக்கான முட்டைகளைக் காக்கும் கூடாகிவிடும். உருளையே நடாவிட்டாலும் 20 ஆண்டுகளுக்கு மேல் அவை மண்ணில் உயிரோடு கிடக்கும். நீலகிரியில் இந்தப் புழு கண்டுபிடிக்கப்பட்டது 1961-இல். இங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே கொண்டுபோகத் தடை இருப்பதும் அதனால்தான்.

பழியை நான் பெட்டிக் கிழங்கின் மீது போடவில்லை. ஒரே பருவத்தில் இப்படித் திட்டுத் திட்டாகக் காய்ந்துவிடாது. விசாரித்ததில், சமையலறைக் கூடையில் முளைவிட்ட கிழங்குகளை நான்கைந்து ஆண்டுகளாக அதே பாத்தியில் நட்டுவந்திருக்கிறார். "நன்றாகக் கழுவித்தானே நட்டேன்?"

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. கூட்டின் அளவு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். கிழங்கின் கண் குழிக்குள் ஒட்டியிருக்கும் மண்ணில் எத்தனை கூடு இருக்கிறது என்று உங்கள் விரல் எப்படிக் கண்டுபிடிக்கும்? சரி, கழுவினீர்கள். அந்தத் தண்ணீர் எங்கே போனது? பின்கட்டுக் குழாயடியிலிருந்து நேராகக் காய்கறிப் பாத்திக்கு! மண் அப்பியிருந்தால்தான் அசல் ஊட்டிக் கிழங்கு என்று தேடி வாங்குகிறோம். வாங்குங்கள், வறுத்துச் சாப்பிடுங்கள், சாப்பிடுபவரை இந்தப் புழு ஒன்றும் செய்யாது. முளைவிட்டதாலேயே அது விதைக்கிழங்கு ஆகிவிடாது, அவ்வளவுதான்.

வேப்பம்புண்ணாக்கு போட்டால் தீருமா என்று கேட்காதீர்கள். எண்ணிக்கை குறையலாம், கூடு ஒழியாது. இமாசலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கிழங்கு வெளியே போவதையே 2018-இல் மத்திய அரசு இதற்காகத்தான் நிறுத்தியது. ஒரு பை புண்ணாக்கில் முடிகிற வேலையாக இருந்தால் அங்கே செய்திருக்க மாட்டார்களா?

மலையில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதைக்கிழங்கைச் சான்றோடு வாங்குங்கள். குப்ரி சுவர்ணா, குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி ஆகியவை இந்தப் புழுவைத் தாங்கும் ரகங்கள். அண்டை வீட்டாரிடம் மண்வெட்டி இரவல் வாங்கினால் மண்ணைச் சுரண்டிவிட்டுப் பிறகு தோட்டத்தில் இறங்குங்கள். செருப்புக்கும் அதேதான். அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக் கிழங்கைப் பெட்டியில் கொண்டுவராதீர்கள், உங்கள் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சின்னக் கிழங்குதான் வேண்டுமென்றால் நம் ரகத்தையே நெருக்கி நடுங்கள். விரல் மாதிரி நீளமாக இருக்காது, ருசியில் குறை சொல்ல முடியாது.

கிளம்பும்போது அந்த அம்மா, "அப்படியானால் இந்த இடத்தில் தக்காளி போட்டுவிடட்டுமா?" என்றார். தக்காளியும் கத்தரியும் உருளையின் பங்காளிகள், புழுவுக்கு அவற்றின் வேரும் விருந்துதான். பீன்ஸ் விதை ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு, அவர் வீட்டு வாசலிலேயே என் பூட்ஸைக் கழற்றித் தேய்க்க உட்கார்ந்தேன்.