முன்னோர் விட்டுச் சென்ற வேட்டை ரைஃபிள்: யார் வைத்திருக்கலாம், எங்கே சுடலாம்?

பழைய ஜமீன் வீடுகளிலும் மலைத்தோட்ட பங்களாக்களிலும் இன்றும், கைப்பிடியுள்ள தண்டை (போல்ட்) முன்னும் பின்னும் நகர்த்தித் தோட்டா ஏற்றும் சில போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள்கள் இருக்கின்றன. ரிக்பி, வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஜெஃப்ரி, பி.எஸ்.ஏ. எனப் பெயர் பொறித்த இந்தத் துப்பாக்கிகளில் பலவும் நூறு வயதைக் கடந்தவை. உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமானதும், இவ்வளவு பழைய துப்பாக்கிக்கு உரிமம் எதற்கு என்ற கேள்வி அநேகமாக எல்லாக் குடும்பங்களிலும் எழுகிறது. உரிமம் கட்டாயம் தேவை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் முதன்மையாகக் கேட்பவை இரண்டு: இந்தத் துப்பாக்கி சுடுமா, இதன் அறையில் (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடத்தில்) எந்தத் தோட்டா பொருந்தும்?

பழமையைக் காரணம் காட்டி விலக்குக் கோருபவர்கள் சட்டத்தின் 45ஆம் பிரிவைச் சுட்டுவதுண்டு. வழக்கொழிந்த வடிவிலோ, தொன்மை மதிப்புள்ளதாகவோ, பழுதடைந்ததாகவோ உள்ள ஆயுதத்துக்கு அந்தப் பிரிவு விலக்கு அளிப்பது உண்மைதான். ஆனால், பழுது நீக்கினாலும் நீக்காவிட்டாலும் அதைத் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாது என்ற நிலை இருந்தால் மட்டுமே அந்த விலக்குப் பொருந்தும். துருவைத் துடைத்து, உடைந்த சுருள்வில்லை மாற்றினால் சுடக்கூடிய ரைஃபிள் இந்த வரையறைக்குள் வராது. உரிமமின்றி அதை வீட்டில் வைத்திருந்தால் இரண்டு ஆண்டுக்குக் குறையாத, ஐந்து ஆண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும் அபராதமும் விதிக்கப்படலாம் என்பதால், இதைக் குடும்பத்தின் அனுமானத்துக்கு விட்டுவிடக் கூடாது.

அடுத்து, தோட்டா. பழைய ரைஃபிள்களைப் பொறுத்தவரை சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. .303 அல்லது 7.62 மி.மீ. இராணுவத் தோட்டாவை ஏற்றிச் சுடக்கூடிய போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்கள், வேட்டைக்காகவே செய்யப்பட்டவையாக இருந்தாலும், கட்டுப்படுத்தப்பட்ட வகையைச் சேர்ந்தவை. அலுவலக வழக்கில் இவற்றை ‘பி.பி.’ (prohibited bore, தடைசெய்யப்பட்ட குழல் அளவு) என்றும் மற்றவற்றை ‘என்.பி.பி.’ (non-prohibited bore, தடைசெய்யப்படாத குழல் அளவு) என்றும் சொல்வார்கள். என்.பி.பி. உரிமத்தை மாவட்ட ஆட்சியரோ, மாநகரங்களில் காவல் ஆணையரோ வழங்குவார், பி.பி. உரிமம் மத்திய உள்துறை அமைச்சகம் வரை செல்ல வேண்டிய விஷயம். பி.எஸ்.ஏ. நிறுவனத்தின் லீ-ஸ்பீட் வேட்டை ரைஃபிளை எடுத்துக்கொள்ளுங்கள். அது .303 தோட்டாவுக்கும் செய்யப்பட்டது, .315 தோட்டாவுக்கும் செய்யப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் பழகாத கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. சட்டத்தின் பார்வையிலோ அவை இரு வேறு வகைகள். ஆகவே, குழலின் மீதுள்ள முத்திரை தேய்ந்திருந்தால், உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடமோ காட்டி, அறையை அளந்து, அது எந்தத் தோட்டாவுக்கு உரியது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. கட்டுப்பாட்டிலிருந்து தப்புவதற்காகக் குழலை மாற்றி வேறு வகைத் துப்பாக்கியாக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதற்கென உரிமம் இல்லாமல் அவ்வாறு மாற்றுவதும், குழலின் நீளத்தைக் குறைப்பதும் குற்றம்.

எண்களையும் இதே கவனத்துடன் பார்க்க வேண்டும். மௌசர் வகை ரைஃபிள்களில் முழு எண்ணையோ அதன் கடைசி இலக்கங்களையோ போல்ட் கைப்பிடியின் அடியிலும் பொறித்திருப்பார்கள். அந்த எண், உடற்பகுதியின் எண், உரிமப் புத்தகத்தில் உள்ள எண் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பழைய புத்தகங்களில் எழுத்தரின் கைப்பிழையால் ஓர் இலக்கம் மாறியிருப்பது அரிதல்ல; அதை விண்ணப்பத்துடனேயே எழுதித் தெரிவித்துத் திருத்தக் கோரலாம். மெருகேற்றுகிறோம் என்று அந்த எழுத்துகளைத் தேய்த்துவிடாதீர்கள். அடையாளக் குறியை அழிப்பது 8ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்ட செயல்; தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ இல்லாத துப்பாக்கியை விற்கவும் முடியாது.

உரிமதாரர் இறந்ததும் அவருடைய உரிமம் தானாக வாரிசுக்கு மாறிவிடாது. 21ஆம் பிரிவின்படி, துப்பாக்கியையும் மிச்சமுள்ள தோட்டாக்களையும் தேவையற்ற தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். காரியங்கள் எல்லாம் முடியட்டும் என்று மாதக்கணக்கில் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பதுதான் நல்ல குடும்பங்களைக்கூட வழக்கில் கொண்டுபோய் நிறுத்துகிறது. ஒப்படைத்ததால் உரிமை போய்விடாது. வாரிசு உரிமம் பெற்றதும் திரும்பப் பெறலாம். உரிமம் வேண்டாம் என்றால், குறிக்கப்பட்ட காலத்துக்குள் தகுதியுள்ள வேறொருவருக்கு விற்று அந்தப் பணத்தைப் பெறலாம். காலம் கடந்தால் துப்பாக்கி அரசுடைமையாகும்.

வாரிசு விண்ணப்பத்துக்கு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை வேண்டும். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். மருத்துவச் சான்று, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, காவல் துறை விசாரணை ஆகியவையும் உண்டு. இறப்புக்குப் பிறகுதான் மாற்ற முடியும் என்பதில்லை. உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, இவற்றில் எது முந்தியதோ அப்போதே தாம் விரும்பும் சட்டப்படியான வாரிசின் பெயரில் உரிமம் வழங்கக் கோரலாம் என்று 2016ஆம் ஆண்டு விதிகளின் 25ஆம் விதி சொல்கிறது. பெரியவர் நல்ல நிலையில் இருந்து, துப்பாக்கியின் வரலாற்றைத் தம் வாயால் சொல்லக்கூடிய காலத்திலேயே இதைச் செய்துவிடுவது எல்லா வகையிலும் மேலானது.

2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. பரம்பரைச் சொத்தாக வருவதற்கும் இந்த வரம்பு பொருந்தும் என்று சட்டமே வெளிப்படையாகக் கூறுவதால், ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவர் மூன்றாவதாகத் தாத்தாவின் ரிக்பியை ஏற்க முடியாது. ஒன்றை விற்க வேண்டும், அல்லது உடன்பிறந்தவர் ஒருவர் விண்ணப்பிக்க வேண்டும். அதே திருத்தம் உரிமக் காலத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டாக உயர்த்தியது.

உரிமம் கிடைத்த பின் சுடுவது பற்றி. வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம், மிச்சமிருந்த வேட்டை அனுமதிகளையும் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. ரைஃபிளின் பெயரில் ‘வேட்டை’ இருப்பது எந்த உரிமையையும் தராது. அங்கீகரிக்கப்பட்ட ரைஃபிள் சங்கத்தின் சுடுதளத்தில், அந்தத் தளம் அனுமதிக்கும் தோட்டா வகையாக இருந்தால் சுடலாம். வழியில் துப்பாக்கி முழுவதும் உறையிட்டு மூடப்பட்டிருக்க வேண்டும். திருமணத்திலும் திருவிழாவிலும் வானத்தை நோக்கிச் சுட்டு அடுத்தவர் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

அரிய வகைத் தோட்டாக்கள் கிடைப்பது பெரும்பாடு. .318 வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், .404 ஜெஃப்ரி போன்றவற்றுக்கு எப்போதோ வாங்கிய பழைய பெட்டிகளே பலரிடம் மிஞ்சியுள்ளன. ஏறத்தாழப் பொருந்துகிறது என்று வேறு தோட்டாவைப் போட்டுச் சுடுவது உயிருக்கு ஆபத்து. பழைய தோட்டா விசையை இழுத்ததும் வெடிக்காவிட்டால் போல்ட்டை உடனே திறக்காமல், முனையை இலக்குத் திசையிலேயே வைத்துக் குறைந்தது அரை நிமிடம் காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிப்பதுண்டு.

நீலகிரி, ஆனைமலை போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. சரணாலயத்துக்குள்ளோ அதன் எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ வசித்துத் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர், வன உயிரினச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி தம் பெயரைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பகுதியில் புதிய உரிமம் வழங்க அவருடைய முன் இசைவு வேண்டும் என்பதால், வாரிசு விண்ணப்பம் தருவோர் வனத்துறை அலுவலகத்தையும் தொடக்கத்திலேயே அணுகிக் கேட்டுவிடுவது நல்லது. சரணாலயத்தின் ஊடே செல்லும் சாலையில் துப்பாக்கியுடன் பயணிக்க வேண்டியிருந்தால், உரிமப் புத்தகம் கையில் இருந்தாலும் போதாது. அதற்கென அவரிடம் எழுத்துபூர்வமான அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.