விளைவுமுதற்கொள்கை: பழிக்கப் பிறந்த ஒரு சொல்

‘கான்சிக்வென்ஷியலிசம்’ என்ற சொல்லை இன்று யார் பக்கமும் சாயாத கலைச்சொல்லாகவே கையாளுகிறோம். ஆனால் அது சாடுவதற்கென்றே ஆக்கப்பட்டது. ஆக்கியவர், மெய்யியலாளர் விட்கன்ஸ்டைனின் மாணவியும் அவர் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்தவருமான ஆங்கிலேய மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கோம் (1919–2001). ஒரு செயல் சரியா தவறா என்பதை அதன் விளைவு ஒன்றே முடிவு செய்யும் என்னும் கொள்கைக்கு இது பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டு மெய்யியலாளர் சிட்ஜ்விக்குக்குப் பின்வந்த ஆங்கிலேய அறமெய்யியலாரை மறுத்து 1958இல் எழுதிய கட்டுரையில் அவர் இச்சொல்லை ஆண்டார். குற்றமற்றவரைத் தூக்கிலிடுவது தகுமா என்பதைக்கூடக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பவரோடு வாதிடவே தமக்கு விருப்பமில்லை என்றும் அதில் எழுதினார். இரண்டாண்டு முன்னர், ஹிரோஷிமாவில் அணுகுண்டு வீச ஆணையிட்ட அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ட்ரூமனுக்கு ஆக்ஸ்போர்டு மதிப்புறு பட்டம் அளிக்க முனைந்தபோது எதிர்த்து நின்றவரும் இவரே. போரை விரைந்து முடிப்பதற்காகக்கூட அப்பாவிகளைக் கொல்வது கொலைதான் என்பது அவர் வாதம்.

கான்சிக்வென்ஷியலிசத்தின் அடிச்சொல் விளைவைக் குறிக்கும் ‘கான்சிக்வென்ஸ்’. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு அதன் பிரெஞ்சு வடிவமான ‘கொன்செகான்ஸ்’ பழகிய சொல். இலத்தீன் வேர்ப்படி அது பின்தொடர்ந்து வருவது. தமிழின் ‘விளைவு’ காட்டும் படம் வேறு. கடலூர்ப் பக்கத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்ததா என்று பார்க்க ஒரு செடியைப் பிடுங்கிக் காயை உடைப்பார்கள். ஓட்டின் உட்புறம் கறுத்திருந்தால் விளைந்துவிட்டது. முற்றிப் பலனாவதுதான் விளைதல். அது செயலின் பின்னால் நடந்து வருவதன்று, செயலுக்குள்ளிருந்தே வருவது.

சிலர் ‘பயன்வாதம்’ என்று பெயர்க்கின்றனர். இன்பத்தைப் பெருக்குவதே சரியான செயல் என்ற ஆங்கிலேய மெய்யியலார் பெந்தாம், மில் ஆகியோரின் கொள்கைக்கும் அப்பெயரே வழங்குவதால் குழப்பம் மிஞ்சும். அவர்கள் கொள்கை இதன் ஒரு கிளை மட்டுமே. ‘விளைவுவாதம்’ எளியது, ஆயினும் விளைவு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லவில்லை. (வாதம் என்றதும் முழங்கால் வலியை நினைப்பவர்களும் உண்டு.) பொருள்முதல்வாதம், கருத்துமுதல்வாதம் என்ற பழகிய அச்சிலேயே வார்த்து, ‘விளைவுமுதற்கொள்கை’ என்பதே தக்கது என்பேன்.

பொருள் நமக்குப் புதிதன்று. புரைதீர்ந்த நன்மை பயக்குமெனின் பொய்மையும் வாய்மையிடத்த என்னும் குறள் (292) இக்கொள்கைக்கு அருகே வந்து நிற்கிறது. “ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும் செய்யற்க / சான்றோர் பழிக்கும் வினை” (656) என்னும் குறளோ ஆன்ஸ்கோமின் பக்கம்: பெற்றவள் பசித்திருக்கும்போதும் அங்கே கணக்கு எடுபடுவதில்லை.