பிணைப்பு இல்லீங்க, பற்று

"வான்கோமைசின் பாக்டீரியாவின் பெப்டைடுடன் பலவீனமாகப் பிணைகிறது." இந்த மாதிரி வரிய இன்னும் எத்தன கட்டுரைல படிக்கணுமோ தெரியல (வான்கோமைசின் பாக்டீரியாவக் கொல்ற ஒரு ஆன்டிபயாடிக் மருந்து, பெப்டைடுன்னா அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலி). அதப் படிச்ச காலேஜ் பொண்ணு ஒண்ணு "அப்போ இந்த மருந்து சரியா வேலை செய்யாதாண்ணா?"ன்னு கேட்டுச்சு, தப்பு அந்தப் பொண்ணு மேல இல்ல, மொழிபெயர்த்தவர் மேல.

இங்கிலீஷ்ல பாண்ட், பைண்டிங் ரெண்டும் ஒரே வேர், கட்டுறதுதான். ஆனா வேதியியல்ல பிரிச்சுத்தான் பேசுறாங்க. எலக்ட்ரான பங்கு போட்டுச் சேர்றது கோவேலன்ட் பாண்ட், கோவேலன்ஸ்ங்கிற பேர் 1919ல லாங்மியூர்ங்கிற வேதியியலாளர் வச்சது. ஒரு மூலக்கூறு இன்னொண்ணப் பிடிச்சு, விட்டு, திரும்பப் பிடிக்கிறது பைண்டிங். நாம ரெண்டுக்கும் பிணைப்புன்னே போட்டுட்டோம். பைண்டிங்க பற்றுன்னு சொல்லணுங்கிறதுதான் என் கட்சி.

பிணைன்னா போரடிக்கிற களத்துல மாடுகள ஒண்ணோட ஒண்ணு சேத்துக் கட்டுறது, ஜாமீனுக்கும் அதே சொல்லுதான், யாராவது அவுத்து விடுற வரைக்கும் போக முடியாது. கோவேலன்ட் பாண்டுக்கு நாம சொல்ற சகப்பிணைப்புக்கு அது கச்சிதம், இலங்கைல சொல்ற பங்கீட்டுவலுப் பிணைப்பும் தெளிவா இருக்கு. ஆனா எலக்ட்ரான பங்கு போடாம பிடிக்கிற நான்-கோவேலன்ட்ட "சகப்பிணைப்பு அல்லாத பிணைப்பு"ன்னு எழுதுறத யார் வாய்விட்டுப் படிப்பாங்க?

இந்த வித்தியாசத்த மூலக்கூறோட எடைய அளக்குற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்ல கண்ணாலயே பாக்கலாம் (அதுக்கு நிறை நிறமாலைமானின்னு பேர் வச்சிருக்காங்க, அதுல எங்க இருக்கு நிறம்?). வான்கோமைசினையும், பாக்டீரியா செல்சுவர்ல இருக்கிற டி-அலனின் டி-அலனின் மாதிரியான சின்ன பெப்டைடையும் கலந்து எலக்ட்ரோஸ்ப்ரேல (கரைசல சார்ஜ் ஏத்தின சின்னச் சின்னத் துளியாத் தெளிக்கிற முறை) மென்மையா தெளிச்சா, மருந்து மட்டும்னா ரெண்டு சார்ஜோட சுமார் 725ல ஒரு பீக் (இந்தக் கருவி காட்டுறது எடைய சார்ஜால வகுத்த எண்), பெப்டைடோட சேந்து வந்தா சுமார் 826ல இன்னொரு பீக். இப்ப வோல்டேஜ கொஞ்சம் கொஞ்சமா ஏத்துனா 826 சுருங்கிக்கிட்டே போகும், ரெண்டும் பிரிஞ்சிரும், ஆனா மருந்து மூலக்கூறு உடையாம முழுசா இருக்கும். பிரிஞ்சது பற்று, பிரியாம நின்னது பிணைப்பு. ஜான் ஃபென்ங்கிற விஞ்ஞானிக்கு 2002ல வேதியியல் நோபல் வாங்கிக் குடுத்த அந்த எலக்ட்ரோஸ்ப்ரே இவ்வளவு தெளிவாப் பிரிச்சுக் காட்டுறத நாம ஒரே சொல்லுல போட்டு அமுக்குறோம்.

அடுத்து அந்தப் "பலவீனம்". வடமொழிங்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதுவும் உறுத்தல்தான், ஆனா பெரிய தப்பு அது நோய்ச்சொல்லுங்கிறது. வான்கோமைசின் அஞ்சு ஹைட்ரஜன் பிணைப்பால பெப்டைடப் பிடிக்குது, தனித்தனியா எல்லாமே லேசானதுதான், ஆனா அஞ்சும் சேந்தாத்தான் மருந்து ஜெயிக்கும். பாக்டீரியா கடைசி அலனினுக்குப் பதிலா லாக்டேட் வச்சா அதுல ஒண்ணு போயிரும், பிடி ஆயிரம் மடங்கு குறைஞ்சு மருந்து தோத்துரும். இதப் போயி பலவீனம்னு சொன்னா எப்படி? "மென்பற்று"ன்னு சொல்லுங்க.

சிலர் "ஒட்டு"ன்னு எழுதுறாங்க, அத நான் வேற ஒண்ணுக்கு வச்சுக்குவேன். கரைசல் ரொம்ப அடர்த்தியா இருந்தா, துளி காயும்போது சம்பந்தமே இல்லாத ரெண்டு மூலக்கூறு சும்மா சேந்துக்கிட்டு வந்து பொய் பீக் காட்டும், அதுதான் ஒட்டு.

"அப்போ ஹைட்ரஜன் பிணைப்பு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி, பாடப்புத்தகத்துல வேரூன்றிப் போச்சு, அது அப்படியே இருக்கட்டும். அந்த அஞ்சும் சேந்து செய்யிற வேலைக்குத்தான் நான் பற்றுன்னு கேக்குறேன். "வான்கோமைசின் பெப்டைடப் பற்றுது", இதுல எந்தப் பொண்ணுக்கும் குழப்பம் வராது.