'நிலையான நுகர்வு' என்று எழுதலாமா?

'சஸ்டெயினபிள்' (sustainable) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நாம் பெரும்பாலும் 'நிலையான' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். 'வளர்ச்சி' என்ற சொல்லுக்கு முன்னால் வரும்வரை அது பெரிதாக உறுத்துவதில்லை. 'நிலையான நுகர்வு' என்று வரும்போதுதான் சிக்கல். விஷயம் தெரியாத ஒருவர் இதைப் படித்தால், கூட்டாமல் குறைக்காமல் ஒரே சீராக வாங்கிக்கொண்டே இருங்கள் என்றுதான் புரிந்துகொள்வார். சொல்ல வந்தது அதற்கு நேர் எதிர்: வளங்கள் தீர்ந்துபோகாத அளவோடு வாங்குங்கள், பயன்படுத்துங்கள் என்பது.

ஆங்கிலச் சொல்லின் வேர் இலத்தீனில் இருக்கிறது. 'சப்' என்றால் கீழே. 'தெனேரே' என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்த 'சஸ்டினேரே', கீழிருந்து தாங்கிப் பிடிப்பதைக் குறித்தது. 'இந்தச் செலவு தாங்குமா?' என்று பேச்சில் கேட்கிறோமே, அந்தத் தாங்குதல்தான் இது. நம் வாயில் தினமும் புழங்கும் சொல்லை விட்டுவிட்டு 'நிலை'யைப் பிடித்துக்கொண்டது கொஞ்சம் வேடிக்கைதான்.

ஆனால் இன்றைய பொருள் இலத்தீனிலிருந்து நேராக வந்துவிடவில்லை. நடுவில் ஒரு ஜெர்மானியக் காடு இருக்கிறது. சாக்சனியில் வெள்ளி உருக்கும் உலைகளுக்கு விறகும் கரியும் மலைமலையாகத் தேவைப்பட்டன. வெட்டிய வேகத்துக்கு மரம் வளரவில்லை. அங்கே சுரங்க நிர்வாகத்தில் உயர் பதவி வகித்த ஹான்ஸ் கார்ல் ஃபொன் கார்லோவிட்ஸ், 1713-இல் காடு வளர்ப்பு பற்றி எழுதிய நூலில், தொடர்ந்து கிடைக்கும்படி காட்டைப் பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தினார். வளர்வதற்கு மேல் வெட்டாதே, வெட்டிய இடத்தில் நடு என்பதே அதன் சாரம். அவர் கையாண்ட ஜெர்மன் சொல்லிலிருந்துதான் 'சஸ்டெயினபிள்' தன்மையைக் குறிக்க இன்று ஜெர்மனில் வழங்கும் 'நாஹ்ஹால்டிக்கைட்' என்ற கலைச்சொல் கிளைத்தது. ஆக, இந்தக் கருத்து பிறந்தது இயற்கை ரசனையில் அல்ல, விறகுக் கணக்கில்.

உலக அரசியலுக்கு அதைக் கொண்டுவந்தது, நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையத்தின் 1987 அறிக்கை. வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குக் குந்தகம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சி என்று அது வரையறுத்தது. ஐ.நா.வின் 1992 ரியோ சுற்றுச்சூழல் மாநாட்டின் செயல்திட்டம், நுகர்வு முறைகளை மாற்றுவதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. 2015-இல் ஐ.நா. ஏற்ற 17 வளர்ச்சி இலக்குகளில் 12-ஆவது, உற்பத்தியையும் நுகர்வையும் ஒரே வரியில் சேர்த்துக் கட்டிவிட்டது.

ஏன் சேர்த்துக் கட்ட வேண்டும்? ஆலையில் சிக்கனம் வந்தால் போதாதா? போதாது. நீராவி எந்திரங்கள் திறன் கூடக் கூட நிலக்கரிச் செலவு குறையவில்லை, ஏறியது என்பதை ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865-லேயே சுட்டிக்காட்டினார். மலிவானதும் பயன்பாடு பெருகிவிடுகிறது. மறுபக்கம், வாங்குபவரை மட்டும் குறை சொல்லியும் பயனில்லை. கைபேசியின் பேட்டரியைப் பசை போட்டு ஒட்டி, சாதாரணத் திருப்புளியால் திறக்க முடியாதபடி மூடி விற்றால், பேட்டரி தளர்ந்ததும் அவர் புதுக் கைபேசிதான் வாங்குவார். அந்த முடிவு வடிவமைப்பு மேசையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'நுகர்வு' என்பதே யோசிக்க வைக்கும் சொல். நுகர்தல் என்றால் முகர்தல், அனுபவித்தல். முகர்ந்தால் பூ குறைவதில்லை (அனிச்சத்தை விட்டுவிடுங்கள்). அதற்கு இணையான ஆங்கிலச் சொல் 'கன்சம்ப்ஷன்' அப்படியில்லை, அதன் இலத்தீன் வேருக்கு முழுதாக எடுத்துத் தீர்த்தல் என்று பொருள். உடலை உருக்கும் காசநோய்க்கும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. தீர்ந்துபோகும் என்ற எச்சரிக்கை நம் சொல்லில் இல்லை. அதனால் முன்னால் வரும் அடைமொழிதான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

'நிலையான' அதைச் செய்யவில்லை. இலங்கையில் வழங்கும் 'நிலைபேறான' கம்பீரமான சொல், ஆனால் குறை அதேதான். 'பேண்தகு' அழகாக இருக்கிறது. 'பேண்தகு நுகர்வு' என்றாலோ, பேண வேண்டியது நுகர்வையே என்றாகிவிடுகிறது! 'வளங்குன்றா' என்பதுதான் குறையக்கூடாதது எது என்று வாய்திறந்து சொல்கிறது. கார்லோவிட்ஸின் காட்டுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். தாமிரத்துக்கு அவ்வளவு பொருந்தாது. தோண்டினால் குன்றத்தான் செய்யும், எடுத்ததைத் திரும்பத் திரும்பப் புழக்கத்தில் விடலாம், அவ்வளவுதான். புகையும் நச்சுக்கழிவும் கூட இச்சொல்லுக்குள் முழுதாக அடங்கவில்லை. இருந்தும் என் ஓட்டு இதற்கே.

எழுதும்போது ஒன்று: 'குன்றா' ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அடுத்து வல்லினம் மிகும். 'வளங்குன்றாப் பொருளாதாரம்' என்று ஒற்றோடு எழுத வேண்டும். 'வளங்குன்றாத பொருளாதாரம்' என்றால் ஒற்று வேண்டாம். உற்பத்திக்கும் நுகர்வுக்கும் முன்னால் இந்தத் தொல்லையே இல்லை.