ஊதுலை போனால் செம்பு வருகிறது: போர்ட் டால்பட்டின் புதிய உலை

வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட் எஃகு ஆலையில் 2024 செப்டம்பர் 30 அன்று தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் நான்காம் எண் ஊதுலை நிறுத்தப்பட்டது. ஐந்தாம் எண் உலை அந்த ஜூலையிலேயே நின்றுவிட்டது. இவற்றுக்குப் பதிலாக பழைய இரும்பை மின்பொறியின் வெப்பத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் டன் உருக்கும் மின்வில் உலையை டாடா ஸ்டீல் கட்டுகிறது. செலவு 125 கோடி பவுண்டு. அதில் 50 கோடி பிரிட்டன் அரசின் பணம். 2,000-க்கும் மேற்பட்ட வேலைகள் போயின. ஊருக்கு இது பெரிய அடி.

ஊதுலையில் கல்கரி (காற்றில்லாமல் சுட்ட நிலக்கரி) எரிபொருள் மட்டுமல்ல. அதிலிருந்து உண்டாகும் கார்பன் மோனாக்சைடுதான் தாதுவிலுள்ள ஆக்சிஜனைப் பறிக்கிறது. அதனால் எவ்வளவு சிக்கனமாக ஓட்டினாலும் ஒரு டன் எஃகுக்குச் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். பழைய இரும்பில் அந்த வேலை என்றோ முடிந்துவிட்டது. உருக்கினால் போதும், டன்னுக்கு 400 முதல் 500 யூனிட் மின்சாரம் பிடிக்கும்.

ஆனால் பழைய இரும்போடு செம்பும் உலைக்குள் வந்துவிடும். சிலிக்கான், மாங்கனீசு போன்றவை ஆக்சிஜனை ஊதினால் உருகிய எஃகின் மேல் மிதக்கும் கசடோடு போய்விடும். செம்பு போகாது, அது இரும்பைவிட ஆக்சிஜனோடு சேர மறுக்கும் உலோகம். எஃகுப் பாளத்தை உருட்டுவதற்காக 1,100 முதல் 1,250 டிகிரி வரை சூடாக்கும்போது மேற்பரப்பு இரும்பு துருச்செதிளாக மாறும். மாறாத செம்பு செதிளுக்கு அடியில் சேரும். 1,085 டிகிரியில் உருகி, எஃகின் படிகமணிகளுக்கு இடையே கசியும். உருளைக்குள் நுழைந்ததும் அந்த இடங்களில் பாளம் விரிசல் விடும். கட்டடக் கம்பிக்கு 0.4 சதவீதச் செம்பு இருந்தாலும் சமாளிக்கலாம். கார்க் கதவுத் தகட்டுக்கு 0.06-ஐத் தாண்டினாலே சிக்கல்.

பெரும்பாலான செம்பு பழைய கார்களிலிருந்து வருகிறது. துண்டாக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் காந்தம் இரும்பை மட்டும் இழுக்கும் என்று நினைப்போம். மோட்டாரின் இரும்பு நடுத்தண்டில் செம்புக் கம்பி சுற்றியிருப்பதால் இரண்டும் சேர்ந்தே காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். கன்வேயர் ஓரம் ஆட்கள் நின்று அந்தக் கட்டிகளைக் கையால் பொறுக்க வேண்டும், அல்லது எக்ஸ்-கதிர் உணரி வைக்க வேண்டும். அப்படியும் மிஞ்சினால் தாதுவிலிருந்து வந்த சுத்த இரும்பைக் கலந்து செம்பின் அளவை இறக்குவதே வழி. தகட்டு எஃகு செய்யப்போகும் ஆலைக்கு உலையைவிட இந்தத் தரம்பிரிப்புதான் முக்கியம் என்பேன்.

இன்னொரு தொல்லை நைட்ரஜன்: மின்வில்லின் வெப்பத்தில் காற்றிலுள்ள நைட்ரஜன் பிளந்து எஃகில் கரையும், தகடு விறைக்கும். வில்லை நுரைக்கும் கசடால் மூடி வைத்தால் குறையும்.

புகையிலும் கவனம் வேண்டும். பழைய தகடுகளில் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துப் பறப்பதால், டன் எஃகுக்கு 15 முதல் 20 கிலோ வரை தேறும் உலைத் தூசியில் அது ஏராளம். ஈயமும் உண்டு என்பதால் இது அபாயக் கழிவு. இரும்பில் ஒட்டிய எண்ணெயும் பிளாஸ்டிக்கும் எரிந்த புகை மெல்லக் குளிர்ந்தால் டையாக்சின் என்ற நச்சு மீண்டும் உருவாகும். அதனால் நீர் தூவிப் புகையைச் சட்டென்று குளிர்வித்து, பிறகே துணிப்பை வடிகட்டிக்கு அனுப்புவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் வகுத்த அளவுகோலின்படி, வடிகட்டியைத் தாண்டும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் தூசிகூட இருக்கக் கூடாது. பிடித்த தூசியைச் சுழல் சூளையில் கல்கரியோடு சுட்டால் துத்தநாகம் ஆவியாகித் தனியே கிடைக்கும். அதைத் துத்தநாக ஆலைகள் காசு கொடுத்து வாங்குகின்றன.