எச்.ஐ.வி. உள்ள தாய் பால் கொடுக்கலாமா? தென்னாப்பிரிக்காவில் இன்றைய விதி

கொடுக்கலாம். எச்.ஐ.வி.யை அடக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். ஆனால் டர்பன் பக்கம் நம் வீடுகளில் சிக்கல் மாத்திரையில் இல்லை, குழந்தைக்குப் புகட்டும் பாலாடையில் இருக்கிறது. பிறந்ததும் நாக்கில் சேனை, வயிறு உப்பினால் கிரைப் வாட்டர், வெயிலுக்கு ஒரு வாய் தண்ணீர். எல்லாம் பாசத்தில் செய்வதுதான். அரசு கிளினிக்கில் தரும் ஆலோசனை அதிகம் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான்.

முன்பு எச்.ஐ.வி. உள்ள தாய்மாருக்கு அரசு கிளினிக்குகளில் டப்பாப் பால் இலவசமாகக் கிடைத்தது. 2011 ஆகஸ்ட்டில் தாய்ப்பாலை ஆதரித்து வந்த அரசின் ட்ஷ்வானே பிரகடனம் அதை நிறுத்தச் சொன்னது. புட்டிப்பாலால் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் வந்து குழந்தைகள் இறந்தன. டப்பாவோடு கிளினிக்கிலிருந்து வரும் பெண்ணைப் பார்த்து ஊர் பேசியது வேறு. டர்பனில் மருத்துவ ஆய்வாளர்கள் அன்னா கூட்சூடிஸ், ஹூசன் கூவாடியா குழுவினர் 1999-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியிருந்தது: தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, தாய்ப்பாலோடு மற்றதையும் குடித்த குழந்தைகளுக்கே தொற்று அதிகம். மற்ற ஆகாரம் பிஞ்சுக் குடலைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழிவிடுகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் காரணம்.

அதனால் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். குழந்தைக்குத் தொற்றாமலிருக்க நர்ஸ் எழுதித் தரும் நெவிரபின் போன்ற மருந்துகள் இதில் சேராது, அவற்றைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். 6 மாதத்துக்கு அப்புறம் கூழ், பருப்புச் சாதம் என்று தொடங்கி, 2 வயது வரையோ அதற்கு மேலுமோ பாலும் கொடுக்கலாம். தாயின் ரத்தத்தில் வைரஸ் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 50-க்குக் கீழே இருந்தால் பால் வழியாகத் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. பிரசவத்தின்போதும், பால் கொடுக்கும் காலம் முழுக்க 6 மாதத்துக்கு ஒருமுறையும் அதைப் பரிசோதிப்பார்கள். குழந்தைக்குப் பிறந்ததும், 10 வாரத்தில், 6 மாதத்தில், 18 மாதத்தில் பரிசோதனை உண்டு. பால் நிறுத்தி 6 வாரம் கழித்தும் ஒன்று.

சரி, பாட்டி தெரியாமல் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டால்? பதறிப்போய்ப் பாலை நிறுத்த வேண்டாம். மாத்திரை ஒழுங்காகப் போகிறதென்றால் தாய்ப்பாலைத் தொடருங்கள், தண்ணீரை நிறுத்துங்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். வைரஸ் அளவு ஏறினாலும் நீங்களாக முடிவு எடுக்காதீர்கள். குழந்தைக்குக் கூடுதல் மருந்து தருவார்கள். மருந்தை மாற்றியும் வைரஸ் அடங்காத சில தாய்மாருக்கு மட்டும் பாலை நிறுத்தச் சொல்லி, டப்பாப் பாலை மருத்துவரே எழுதித் தருவார். சொந்த விருப்பத்தில் டப்பாப் பால் கொடுக்கும் உரிமையும் தாய்க்கு உண்டு, செலவு அவருடையது.

மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) இல்லாத கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசு மருத்துவம் இலவசம். உங்கள் நிலையைக் கணவரிடமோ மாமியாரிடமோ கிளினிக் தானாகச் சொல்லக் கூடாது. மாமியார் கேட்டால், "ஆறு மாசத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான்னு நர்ஸ் சொன்னாங்க அத்தை" என்றால் போதும். எச்.ஐ.வி. இல்லாத தாய்க்கும் கிளினிக்கில் இதையேதான் சொல்கிறார்கள்.